முப்பத்தொரு விநாடி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் வயதில் சின்னவனாக இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. நான் பார்த்த சீடருக்கு வயது அறுபத்தொன்று. கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவர். குருவுக்கு முப்பத்தாறு. கல்யாண வீடுகளுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர். இரண்டு பேருக்கும் பாளையங்கோட்டை. எனக்குப் பக்கத்தில் மேலப்பாளையம்.

என் பெயர் மைதீன். எங்கள் ஊர்ச் சமூக வானொலியில் கன்சோல் பார்க்கிறவன். அறிவிப்பாளர் பேசும்போது பேச்சைத் திறந்துவிட்டு, பாட்டு வரும்போது பாட்டைத் திறந்துவிடுகிற வேலை. கிட்டத்தட்ட குழாய் திறக்கிற வேலைதான்.

சீடரின் பெயர் ஜெயசிங். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளிலேயே வானொலி நிலையத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு சிம்பொனி ஒலிபரப்ப வேண்டும் என்றார்.

"அது என்னது சார்?" என்றேன்.

"எண்பது பேர் சேர்ந்து வாசிப்பது."

"எண்பது பேர் எதுக்கு?"

"கேட்டால் தெரியும், மைதீன்."

கேட்டேன். ஒன்றும் தெரியவில்லை. எண்பது பேரும் ஒரே நேரத்தில் பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது. திடீரென்று எல்லாரும் பதுங்குவார்கள். ஒரே ஒரு புல்லாங்குழல் மட்டும் ஏதோ முணுமுணுக்கும். சரி, தூங்கலாம் என்று கண்ணை மூடினால் டிம்பனி என்கிற பெரிய முரசு இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பிரியாணிக்குப் பிறகு ஒரு மனிதனுக்குச் செய்யக்கூடிய காரியமா அது?

ஆனால் சாரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாற்பது வருடமாகச் சிற்றலை ரேடியோவில் தனியாக உட்கார்ந்து இதைக் கேட்டிருக்கிறார். கரகரப்பு, இரைச்சல், நடுவில் ஏதோ ஒரு நாட்டின் செய்தி, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். வீட்டில் யாருக்கும் பிடிக்காது. நண்பர்களுக்கும் பிடிக்காது.

"இந்த ஊரில் இன்னும் ஒரே ஒருத்தர் கேட்கிறார் என்று தெரிந்தால் போதும், மைதீன்" என்பார்.

நான்கு மாதம் ஆயிற்று. சென்னையில் ஓர் இசைச் சங்கம் தன் கச்சேரிப் பதிவுகளை எங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சார் இரண்டு பக்கம் முன்னுரை எழுதி வருவார். முடிந்ததும் வாசிக்க இரண்டு பக்கம் முடிவுரை. ஒரு போன் வந்தது கிடையாது. எங்கள் கோழி வளர்ப்பு நிகழ்ச்சிக்குக்கூட வாரத்துக்கு ஏழு போன் வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தப்பு நடந்தது.

எங்கள் நிலையத்தில் ஒரு விதி உண்டு. நிலையப் பொறுப்பாளர் ரோஸ்மேரி மேடம் போட்டது. ஒலிபரப்பில் பத்து விநாடிக்கு மேல் சத்தம் இல்லாமல் இருக்கக் கூடாது. பத்து விநாடி சத்தம் வராவிட்டால் நேயர் கையை நீட்டி ரேடியோவைத் திருகிவிடுவார், போனவர் திரும்பி வர மாட்டார் என்பது மேடத்தின் கணக்கு. ஆகவே எது நின்றாலும் பத்து விநாடிக்குள் அறிவிப்பாளர் வாயைத் திறக்க வேண்டும், அல்லது நான் விளம்பரத்தைத் திறக்க வேண்டும்.

அன்றைக்கு ஒரு பெரிய சிம்பொனி. எண்பது பேரும் உச்சத்துக்குப் போய் ஒரு இடி இடித்துவிட்டு நின்றார்கள். சார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து. என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் மைக்கைத் திறந்தேன்.

"இத்துடன் இன்றைய சிம்பொனி நிறைவுற்றது" என்று ஆரம்பித்து முடிவுரை இரண்டு பக்கத்தையும் வாசித்தார். வணக்கம் சொன்னார். நான் பெருங்காய விளம்பரத்தைத் திறந்தேன்.

விளம்பரம் முடிவதற்குள் போன் அடித்தது. நான்கு மாதத்தில் முதல் போன். சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹலோ, ரேடியோ ஸ்டேஷனா?" பெண் குரல். பின்னால் அண்டாவும் கரண்டியுமாக ஒரே சத்தம்.

"ஆமாம்மா, சொல்லுங்க."

"பாயசம் ஊத்தினதும் இலையை எடுத்துட்டுப் போயிட்டீங்களே. மோர் எங்க?"

ராங் நம்பர் என்று நினைத்தேன். எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குப் பிறகுதான் மோர் வரும். அது தெரியாத வெளியூர்க்காரர்கள் பாயசத்தோடு கையைக் கழுவப் போய்விடுவார்கள். ஆனால் அதற்கும் ரேடியோ ஸ்டேஷனுக்கும் என்ன சம்பந்தம்?

"நீங்க எதைச் சொல்லுதீங்க?"

"இப்போ வாசிச்சாங்கல்லா, அதைத்தான். அது முடியலை. நடுவுல ஒரு ஆள் புகுந்து வணக்கம் சொல்லிட்டுப் போயிட்டாரு. அவர் யாரு?"

"எங்க அறிவிப்பாளர் ஜெயசிங் சார்."

"அவர் பாட்டே கேக்க மாட்டாரா?"

நான் சாரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. ஆனால் அவர் என்னை இடித்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"அம்மா, நான்தான் ஜெயசிங். இந்த சிம்பொனியை நீங்கள் இதற்கு முன்னால் கேட்டிருக்கிறீர்களா?"

"இல்ல சார். உங்க ரேடியோவுலதான் முதத் தடவை."

"பிறகு எப்படி முடியவில்லை என்று சொல்கிறீர்கள்?"

"முடியலைன்னா முடியலைதானே சார்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போனை வைத்துவிட்டார். சாம்பார் கொதித்திருக்கும்.

பதிவைப் போட்டுப் பார்த்தோம். இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அந்த இடிக்குப் பிறகு வயலின்கள் மட்டும் மெதுவாக, ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற மாதிரி ஏறிக்கொண்டே போயின. சிம்பொனியே வேண்டாம் என்று இருக்கிற எனக்குக்கூட அது பிடித்திருந்தது. அந்த ஆறு நிமிடத்தின்மேல்தான் நாங்கள் பெருங்காயம் போட்டிருக்கிறோம்.

சார் முடிவுரைக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, "மைதீன், ஒருத்தர் கேட்கிறார்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. திட்டு வாங்கிய மனிதர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ரோஸ்மேரி மேடம் சிரிக்கவில்லை. ஒலிபரப்புக் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டுச் சாரைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து நேரடி ஒலிபரப்பு என்று சொன்னீர்கள்."

"ஆமாம்."

"அதை நடத்துங்கள். பத்து விநாடி விதி விதிதான். தப்பு நடந்து, நேயரிடமிருந்து ஒரே ஒரு புகார் வந்தாலும் அடுத்த வாரத்திலிருந்து நான்கு மணிக்கு ராசிபலன்."

சாருக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் இருந்தது. அந்த நேரடிக் கச்சேரி புத்தம் புது சிம்பொனி. சென்னையில் இருக்கிற ஒருவர் இப்போதுதான் எழுதி முடித்தது. எந்த மேடையிலும் வாசித்தது இல்லை. பதிவு கிடையாது, புத்தகம் கிடையாது. எத்தனை நிமிடம் என்றுகூட யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.

"அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வாத்தியங்களை நடத்துபவரின் கை தெரியும், மைதீன். கை கீழே இறங்கினால் முடிந்தது. ரேடியோவில் எனக்கு என்ன தெரியும்?"

"எனக்கென்ன சார் தெரியும்? அந்தச் சமையல்காரம்மாவைத்தான் கேக்கணும்."

நான் விளையாட்டாகத்தான் சொன்னேன். அவர் என் ஸ்கூட்டர் சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

போன் நம்பரை வைத்துத் தேடியதில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு அடுப்பு எரிகிறது. பதினொரு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். நடுவில் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒரு அம்மா நின்றார். பெயர் உலகம்மை. சுவரில் ஆணியில் ஒரு பழைய ரேடியோ தொங்கியது.

சார் கையைக் கூப்பினார். தான் யார் என்று சொன்னார். உலகம்மைக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"ஐயோ சார், கோவத்துல ஏதோ சொல்லிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க."

"எனக்கு அந்தக் கோபம்தான் வேண்டும். சிம்பொனி உங்களுக்கு எப்படிப் பழக்கம்?"

"பழக்கமெல்லாம் இல்ல சார். அந்த ரேடியோவுல திருகு உடைஞ்சுபோச்சு. உங்க ஸ்டேஷனைத் தவிர வேற எதுவும் வராது."

சார் முகம் தொங்கியது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு வெண்டைக்காயை எடுத்துப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"முதல்ல மூணு வாரம் தலைவலி" என்றார் உலகம்மை. "பெறகு என்னன்னு தெரியலை, நாலு மணி எப்போ ஆகும்னு இருக்கு. இவளுகளுக்குத்தான் பிடிக்கலை. எனக்காகப் பொறுத்துக்கிட்டு இருக்காளுக."

பதினொரு பேரும் தலையை நிமிர்த்தாமல் சிரித்தார்கள்.

"சரி அம்மா. ஒரே ஒரு கேள்வி. முடிந்துவிட்டதா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

உலகம்மை வாசல் பக்கம் பார்த்தார். முதல் பந்திக்கு ஆட்கள் உட்கார ஆரம்பித்திருந்தார்கள்.

"சார், எனக்கு இன்னைக்குப் பந்தி விசாரிக்க ஆள் வரலை. நீங்க போய் நில்லுங்க. எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதும் வந்து சொல்லுங்க. அடுத்த பந்திக்கு இலை போடணும்."

"என் கேள்விக்கு..."

"இலை காஞ்சுரும் சார்."

சார் போனார். பேராசிரியர் இல்லையா, சும்மா நிற்பாரா? கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஒரு ஆள் சாதம் பிசைவதற்கு எவ்வளவு நேரம், ரசத்துக்கு எவ்வளவு, பாயசத்துக்கு எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்தார். இருபத்திரண்டாவது நிமிடம் அடுக்களைக்கு வந்தார்.

"முடிந்தது."

உலகம்மை அங்கிருந்தபடியே எட்டிப் பார்த்தார். "மூணாவது வரிசையில பச்சைச் சேலை?"

"அவர் சாப்பிட்டு ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. கை காய்ந்துவிட்டது."

"மோருக்குக் காத்திருக்காங்க சார். கூச்சப்பட்டு வாயைத் திறக்கலை." ஒரு பெண்ணை மோர் வாளியோடு ஓடவிட்டார்.

அன்றைக்கு வேறு எதுவும் சொல்லவில்லை. "வியாழக்கிழமை இன்னொரு கல்யாணம் இருக்கு, வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமையும் போனோம். இந்தத் தடவை சார் கடிகாரத்தைத் தொடவில்லை. வேறு யோசனை வைத்திருந்தார். ஒவ்வொரு இலைக்கும் முன்னால் குனிந்து, கல்லூரிக் குரலில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே போனார்.

"ஐயா, தங்களுக்கு முடிந்ததா? அம்மா, தங்களுக்கு முடிந்ததா?"

முதல் ஆள் பாதி வடையோடு எழுந்தார். அடுத்த ஆள் ரசம் ஓடுகிற இலையை மடக்கினார். மூன்றே நிமிடத்தில் ஒரு வரிசை காலி. கல்யாணப் பெண்ணின் மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "சோறு பத்தலைன்னா முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்று வாசலுக்குப் போய்விட்டார்.

உலகம்மை கரண்டியோடு ஓடி வந்தார். "கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். அதுதானே சரியான வழி?"

"கேட்டா எந்திரிச்சிருவாங்க சார்."

மாமாவைத் தேடிப் போய், கையைப் பிடித்து இழுத்து வந்து, புது இலை போட்டு, இரண்டு மடங்கு பாயசம் ஊற்றிச் சமாதானம் செய்ய அரை மணி நேரம் ஆயிற்று. நானாக இருந்தால் சாரை அன்றைக்கே பின்வாசல் வழியாக அனுப்பியிருப்பேன். உலகம்மை அப்படிச் செய்யவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சனிக்கிழமை மறுவீட்டுச் சாப்பாடு. சொதி வைக்கோம். கண்டிப்பா வரணும்" என்றார்.

சனிக்கிழமைக்கு மறுநாள்தான் நேரடி ஒலிபரப்பு. சார் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தார்.

"நாளைக்குக் கச்சேரி. இந்த அம்மா இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நிகழ்ச்சி போய்விட்டால் நான் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வேன், மைதீன்? திரும்பவும் அந்த அறையில் தனியாக உட்கார வேண்டியதுதான்."

எனக்குச் சங்கடமாக இருந்தது. ஹாரனை அடித்தேன்.

அடுக்களை வாசலிலேயே சார் கேட்டார்: "இன்றைக்கு நான் என்ன விசாரிக்க வேண்டும்?"

"ஒண்ணும் வேண்டாம். உக்காருங்க. மைதீன் அண்ணனும் உக்காரட்டும்."

"அம்மா, நான் சாப்பிட வரவில்லை. கற்றுக்கொள்ள வந்தேன். நாளைக்கு..."

"சொதி ஆறிரும் சார்."

உட்கார்ந்தோம். சொதி பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. தேங்காய்ப் பாலில் காய்கறி வெந்து, எலுமிச்சை பிழிந்து, பக்கத்தில் இஞ்சித் துவையல். முதல் கவளத்தில் சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டாவது கவளத்தில் அதை மறந்தார். பக்கத்து இலையில் ஒரு மரக்கடைக்காரர். அவர் தன் மகளுக்குக் கணக்கு வராத கதையைச் சொன்னார். சார் தனக்குச் சொதி வைக்க வராத கதையைச் சொன்னார். இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சொதி மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் சார் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரசம் வந்தது, பாயசம் வந்தது. பேச்சு நின்றது. மோர் வந்தது.

பிறகு நாங்கள் கை கழுவிக்கொண்டிருந்தோம். உலகம்மை துண்டு கொண்டு வந்து கொடுத்தார்.

"சார், பந்தி முடிஞ்சுதா?"

சார் திரும்பிப் பார்த்தார். வரிசை முழுக்க வெறும் இலைகள். மரக்கடைக்காரர் பக்கத்துக் குழாயில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"முடிந்துவிட்டது" என்றார்.

"யாரு சொன்னா?"

உலகம்மை துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சாரை ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினேன். மேம்பாலத்தில் ஏறும்போது என் தோளைத் தட்டினார்.

"மைதீன், ரேடியோ நிலையத்துக்கு வந்த இந்த நாலு மாதத்தில் நான் ஒரு சிம்பொனிகூடக் கேட்கவில்லை."

"என்ன சார் இது? வாராவாரம் என் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"விசாரித்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சார் வழக்கம்போல் முன்னுரை, முடிவுரை எல்லாம் எழுதி எடுத்து வந்தார். நான்கு மணிக்குச் சென்னை அரங்கின் சத்தம் எங்கள் கன்சோலுக்குள் வந்தது. ஆட்கள் இருமுவது, நாற்காலி இழுப்பது, வயலின்கள் சுருதி சேர்ப்பது. சார் முன்னுரையை நான்கே வரியில் முடித்துக்கொண்டார். பிறகு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்பீக்கர் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

சிம்பொனி ஆரம்பித்தது. அதை எப்படிச் சொல்வது? முதலில் செல்லோ என்கிற பெரிய வயலின்கள் ஆளுக்கு ஒரு பேச்சாகப் பேசின. ட்ரம்பெட் ஒன்று குறுக்கே வந்து கேலி செய்தது. வயலின்கள் அதைத் துரத்தின. எண்பது பேரும் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள் என்று சொன்னேன் அல்லவா, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, அவர்கள் ஏதோ ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள். என் கால் தானாகத் தரையைத் தட்டியது. சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். நான் காலை நிறுத்தவில்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. முரசு போயிற்று. ட்ரம்பெட் போயிற்று. நான்கு வயலின் மட்டும் நின்றன. பிறகு ஒன்று. அந்த ஒன்றும் நூல் மாதிரி மெலிந்து, நின்றுவிட்டது.

கன்சோலில் சத்தத்தைக் காட்டுகிற முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கைதட்டல் இல்லை. இருமல்கூட இல்லை. முடிந்துவிட்டதா? அல்லது சென்னை லைனே அறுந்துபோயிற்றா? லைன் அறுந்தாலும் இப்படித்தான் இருக்கும். முள்ளைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

ஏழு. எட்டு. ஒரு கையை மைக் சுவிட்சிலும் இன்னொரு கையை விளம்பரத்திலும் வைத்தேன். பத்து. சாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். பந்தியில் பக்கத்து இலை வரைக்கும் வாளி வந்துவிட்டது என்று தெரிந்த ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி, அவசரமே இல்லாமல்.

பதினைந்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஸ்மேரி மேடம் வந்து நின்றார். மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். இருபது. கதவைத் திறந்து உள்ளேயே வந்துவிட்டார். மைக் திறந்திருக்குமோ என்ற பயத்தில் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே திட்டினார். இருபத்தைந்து. என் விரல் விளம்பரத்தின்மேல் இருக்கிறது. ஒரு அழுத்து அழுத்தினால் என் வேலைக்கு ஆபத்து இல்லை. ஆனால் ஏனோ எனக்கு அழுத்தப் பிடிக்கவில்லை. ஒரு பெருங்காய விளம்பரத்தின்மேல் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு வெறுப்பு வந்ததே இல்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முப்பத்தொன்று.

ஒரு புல்லாங்குழல் எட்டிப் பார்த்தது. இன்னொன்று பதில் சொன்னது. அவ்வளவுதான், எண்பது பேரும் மடை உடைத்துக்கொண்டு வந்தார்கள். முரசு, ட்ரம்பெட், மணி எல்லாம். ஒரே ஆட்டம், ஒரே கொண்டாட்டம். எனக்குச் சிரிப்பு வந்தது. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் ஆடினார். மேடம்கூடக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஐந்து நிமிடம் கழித்து ஒரு பெரிய அடி அடித்து முடித்தார்கள். இந்தத் தடவை யாரும் யாரையும் பார்க்கவில்லை. சென்னையில் கூரை பிய்ந்து போகிற மாதிரிக் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் மைக்கைத் திறந்தேன். சார் முடிவுரையை எடுக்கவில்லை.

"நாம் கேட்டோம். வணக்கம்" என்றார்.

நான் விளம்பரத்தைத் திறந்தேன்.

மேடம் உடனே பழையபடி மேடம் ஆகிவிட்டார். ஒலிபரப்புக் குறிப்பேட்டை விரித்து மேசைமேல் வைத்தார்.

"நன்றாக இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு விநாடி வெறும் காற்று போயிருக்கிறது. எனக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதித்தான் ஆக வேண்டும்."

"எழுதுங்கள்" என்றார் சார்.

"புகார் வந்தால் நிகழ்ச்சி இல்லை என்று சொல்லியிருந்தேன்."

"சொன்னீர்கள்."

மேடம் போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை. ஆனால் மேடம் நேர்மையான ஆள், ஒரு விஷயத்தை அரைகுறையாக விட மாட்டார்.

"நமக்குத் தெரிந்து இதற்கு ஒரே ஒரு நேயர்தான். வருத்தம் தெரிவித்து நானே கேட்டுவிடுகிறேன். அவர் சொல்வதை அப்படியே எழுதுவேன். மைதீன், நம்பரைப் போடு."

போட்டேன். சார் சுவரோரம் போய் நின்றுகொண்டார். மேடம் பேனாவைக் குறிப்பேட்டில் தயாராக வைத்துக்கொண்டு ஸ்பீக்கரைத் தட்டினார். அடுப்புச் சத்தத்தோடு உலகம்மை குரல் வந்தது.

"வணக்கம். வானொலி நிலையத்தின் பொறுப்பாளர் பேசுகிறேன். இன்றைய ஒலிபரப்பில் முப்பத்தொரு விநாடி சத்தமே வரவில்லை. அதற்கு வருந்துகிறோம். இதில் உங்களுக்குப் புகார் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், பதிவு செய்கிறேன்."

"சத்தம் வரலையா? எப்போ மேடம்?"

"கடைசியில். ஒரே ஒரு வயலின் வாசித்து, அதுவும் நின்றதே. அதன் பிறகு."

"ஓ, அதுவா" என்றார் உலகம்மை. அடுப்பைத் தணிக்கிற சத்தம் கேட்டது.

"நான் யாரையும் நிறுத்தச் சொல்லலை மேடம். பதினொரு பேரும் அவங்களாவே அருவாமனையில இருந்து கையை எடுத்துட்டாங்க. அப்போதான் மேடம், நாங்க எல்லாருமாச் சேர்ந்து கேட்டோம்."